செருப்பு ஏறுதா?

ஐரீனைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அழ வேண்டிய இடத்தில் அழாதவள். எத்தனையோ வருஷமாக ஒரே வார்டில் நர்ஸ் வேலை பார்க்கிறோம், அவள் கண்ணில் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை. அவள் பங்குக்கும் சேர்த்து அழுது தொலைப்பது நான்தான்.

ராயபுரத்துப் பெண். கல்மண்டபம் பக்கத்துச் சந்தில் வீடு. அப்பா ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினவர். இதயம் பலவீனமாகி, காலிலும் நெஞ்சிலும் நீர் கோர்த்து, எங்கள் வார்டுக்கே வருவதும் போவதுமாக இருந்து கடைசியில் போய்ச் சேர்ந்தார். அதற்கும் அவள் அழவில்லை. நாற்பது தாண்டின பிறகு எம்.எஸ்ஸி. நர்சிங் படிக்கக் கிளம்பினாள். "இந்த வயசுல உனக்கு இது தேவையாடி?" என்று கத்தினேன். "இருக்கட்டும் மதிக்கா" என்றாள். பேச்சு அவ்வளவுதான்.

படிப்புக்கு ஓர் ஆய்வு செய்ய வேண்டும். அப்பாவின் நோயையே எடுத்துக்கொண்டாள். இந்த நோயாளிகளுக்கு ஊசி போட்டு நீரை இறக்கி வீட்டுக்கு அனுப்புவோம். ஒரு மாதத்துக்குள் அதே ஆள் அதே மூச்சிரைப்போடு வந்து நிற்பார். அனுப்பும் முன் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து, பிறகு வாராவாரம் போனில் விசாரித்தால் இப்படித் திரும்பி வருவது குறையுமா? அதுதான் கேள்வி. உப்பைக் குறைங்க, மாத்திரையை விடாதீங்க, தினமும் எடை பாருங்க. எடை மளமளவென்று ஏறினால் அது சதையில்லை, நீர். உடனே வாங்க. தொண்டை வறளச் சொல்வாள்.

அப்படி ஆய்வில் சேர்ந்தவர் அலெக்ஸாண்டர். ஹார்பரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வீட்டில் எடை மெஷின் கிடையாது. "அதுக்கு இன்னா சிஸ்டர்? முக்குல காயலான் கட கீது. இரும்பு போடுற தராசுல ஏறி நின்னா போச்சு" என்றாள் அவர் மனைவி லூர்து. வார்டே சிரித்தது.

ஒரு மத்தியானம் ஐரீன் அவர்கள் வீட்டுக்கு போன் போட்டாள். பக்கத்தில் நான் சலைன் மாட்டிக்கொண்டிருந்தேன். லூர்துவின் குரல் எனக்கே கேட்டது.

"தேறிட்டாரு சிஸ்டர்! கன்னம்லாம் புசுபுசுன்னு ஆயிப்போச்சு. எல்லாம் மாதா புண்ணியம்!"

"எடை பார்க்கிறாரா?"

"தெனம் பாக்குறாரே! காயலான் கட பாய்கூட, தேறிட்டே மாமுன்னு கை குடுத்தாராம்."

ஐரீன் சிரித்தாள். அது அபூர்வம். அவர் பெயருக்கு எதிரே 'முன்னேற்றம்' என்று குறித்தாள்.

எங்கள் ராயபுரத்துப் பக்கத்தில், நோயில் படுத்து எழுந்த மனுஷன் ஒரு சுற்றுப் பெருத்தால் அதைவிட நல்ல சேதி இல்லை. இளைத்தவனைப் பார்த்தால்தான் பயப்படுவோம். கேரளத்திலிருந்து வந்த சிஸ்டராக இருந்தால் எத்தனை கிலோ என்று கேட்டிருப்பாள். ஐரீன் இந்த மண்ணில் பிறந்தவள். தேறிட்டாரு என்றதுமே அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

அடுத்த வாரமும் லூர்துதான் போனை எடுத்தாள். "அவரு போய்ட்டாரு சிஸ்டர். மூச்சு வாங்குதுன்னாரு. ஆட்டோ புடிச்சினு வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சு."

"சரிம்மா" என்றாள் ஐரீன். போனை வைத்துவிட்டு அடுத்த படுக்கைக்கு ஊசி போடப் போனாள். மத்தியானம் டிபன் பாக்ஸில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

"நீயெல்லாம் மனுஷியாடி?" என்றேன்.

"மரத்துப்போன மாதிரி இருக்குக்கா."

"எது, கையா?"

"எல்லாமே."

துக்கம் கேட்க இரண்டு பேரும் போனோம். வாசலில் புதுச் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. "பழசு ஏறலன்னாரு சிஸ்டர். ஆளு தேறிட்டாரேன்னு சந்தோசத்துல பெரிய சைசா வாங்கியாந்தேன். நீ போன் போட்டு விசாரிப்பல்ல, அதுதான் அவருக்குத் தெம்பே" என்றாள் லூர்து. ஐரீன் குனிந்து அந்தச் செருப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள், வார்டில் வீங்கின காலை அழுத்திப் பார்ப்பாளே அப்படி. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கு வரவில்லை.

ஆய்வை மேற்பார்வை பார்க்கிற மேடம் இவளுக்கும் ஒரு படி மேல். "ஒரு மாசத்துக்குள்ள வார்டுக்குத் திரும்பி வந்தாரா? வரலை. அப்போ வெற்றி பக்கம்தான் போடணும். இறந்ததை அடியில் ஒரு வரி எழுதிக்கோ. கேள்வியை நடுவில் மாத்த முடியாது."

அடப்பாவி மக்கா! செத்த மனுஷன் எப்படித் திரும்பி வருவான்? நான் குதித்தேன். ஐரீன் சொன்ன இடத்தில் அலெக்ஸாண்டரை எழுதினாள்.

அதே வாரம் திருவொற்றியூர் செல்லக்கனிக்கு போன் போட்டாள். புருஷன் மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறவர், இதே நோய், இதே ஆய்வு. "சூப்பரா தேறிட்டாரு சிஸ்டர்!" என்றது குரல்.

நோயாளிகளிடம் எப்போதும் திருத்தமாகப் பேசுகிற ஐரீன், அன்றைக்கு வீட்டுப் பேச்சுக்கு மாறினாள். "அவரு செருப்பு ஏறுதா பாரு."

"இன்னா சிஸ்டர்?"

"கால்ல செருப்பு ஏறுதா? இப்பவே போட்டுப் பாக்கச் சொல்லு. நான் லைன்லயே கீறேன்."

காத்திருந்தாள். நானும் கையில் மருந்துத் தட்டோடு நின்றேன்.

"பாதி காலுதான் நொழையுது சிஸ்டர். தேறுனதால இருக்கும்ல?"

"அது நீரு. அவர இட்டுகினு ஆட்டோல ஏறு. சோறு அடுப்புல இருந்தா எறக்கி வெச்சிட்டு வா."

பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டார்கள். படியேற முடியாமல் ஸ்ட்ரெச்சரில்தான் கொண்டுவந்தோம். ஆக்சிஜன், ஊசி என்று ஓடினோம். மறுநாள் காலையில் மனுஷன் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றார். இட்லி கொடுத்தோம். இந்தச் சட்னியை வாயில் வைக்க முடியவில்லை, உப்பே இல்லை என்று சண்டைக்கு வந்தார்.

"உப்பு கெடையாது, சாப்டு" என்று ஐரீன் இன்னொரு கரண்டி ஊற்றினாள். பிறகு மேசைக்கு வந்து, ஒரு மாதத்துக்குள் வார்டுக்குத் திரும்பி வந்தவர் என்று, அவர் பெயரைத் தோல்வி பக்கத்தில் எழுதினாள்.