மண்ணுக்கு வாங்கிய ஜட்டி

கெலமங்கலம் சந்தையில் துணிக்கடை போடும் ஷௌகத் அலியிடம் மாதேஸ்வரி ஒரு கட்டு ஆம்பளை ஜட்டி கேட்டாள். வெள்ளையாக, முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். எந்த சைஸானாலும் பரவாயில்லை என்றாள்.

"சைஸ் தெரியாம எப்பிடிம்மா குடுக்கறது? யாருக்கு?"

"மண்ணுக்கு, பாய்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அவளை அவருக்குத் தெரியும்.

மாதேஸ்வரி ஓசூரில் ஒரு கம்பெனியில் வண்டி பாகங்களைச் சோதித்து, கீறல் விழுந்ததைத் தள்ளிவைக்கிற வேலையில் பல வருஷம் இருந்தவள். கம்பெனி இடம் மாறியதும் ஊருக்குத் திரும்பினாள். உரம் கொட்டிக் கொட்டிச் சிமெண்டுத் தரை போல இறுகிக் கிடந்த சொந்த நிலத்தைச் சாணம் போட்டு, தழையுரத்துக்குச் சணப்பு விதைத்து மடக்கி உழுது மீட்டாள். அதைப் பார்த்த விவசாயிகள் சங்கம் ஒன்று, சின்ன நிலக்காரர்களுக்கு இயற்கை முறையைக் கற்றுக்கொடுக்க அவளையே வைத்துக்கொண்டது. தெலுங்கில் கிண்டல் செய்வாள், கன்னடத்தில் பேரம் பேசுவாள், தமிழில் திட்டுவாள்.

ஆனால் கூட்டத்துக்கு வந்தவர்கள் டீயும் பன்னும் முடிந்ததும் தூங்கினார்கள். நுண்ணுயிர் பற்றி அவள் பேசியபோது, முட்டைகோஸ் போடும் நாராயணப்பன் எழுந்து, "கண்ணுக்குத் தெரியாததை நம்பறதுக்கு எனக்குக் கோயில் இருக்குதும்மா. நெலத்துக்கு மூட்டை உரமே போதும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாதேஸ்வரியும் சிரித்தாள். அந்த வாரம்தான் சந்தைக்குப் போனாள்.

அடுத்த கூட்டத்தில் ஆளுக்கொரு ஜட்டி கொடுத்தாள்.

"ஒரு சாண் ஆழத்துல பொதைச்சி, குச்சி நட்டு வைங்க. ரெண்டு மாசம் கழிச்சி தோண்டலாம். மண்ணுல உசிரு இருந்தா பருத்தியைத் தின்னுடும். இல்லைன்னா அப்பிடியே வரும், தொவைச்சி போட்டுக்கலாம்."

அன்று யாரும் தூங்கவில்லை.

தோண்டுகிற நாளில் ஊரே வரப்பில் நின்றது. ராகியும் அவரையும் போடுகிற செல்லி மூட்டை உரத்தை விட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. அவள் குழியிலிருந்து இடுப்பு எலாஸ்டிக் மட்டும் வந்தது. கரியப்பன் நிலத்தில் பாதி மிஞ்சியிருந்தது. நாராயணப்பன் எடுத்துக் காட்டியதில் பெரிய பெரிய ஓட்டைகள். மாதேஸ்வரி அதை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஓட்டையின் ஓரத்தில் ஒரு நூல்கூடப் பிசிறவில்லை. கத்தரிக்கோல் வேலை.

"அண்ணா, உங்க மண்ணை நான் தப்பா நெனைச்சிட்டேன்" என்றாள் பணிவாக. "இவ்ளோ உசிருள்ள மண்ணு இந்தப் பக்கமே கெடையாது. எல்லாரும் இங்கிருந்து கொஞ்சம் அள்ளிட்டுப் போயி உங்க நெலத்துல தூவுங்க. அண்ணன் வேணாம்னு சொல்ல மாட்டாரு."

நாராயணப்பன் பெருமையாகத் தலையாட்டினார். மறுநாள் கூடையோடு வந்தார்கள். அதற்கு மறுநாள் கரியப்பன் டிராக்டர் டிரெய்லரோடு வந்து நின்றார். நாராயணப்பன் மாதேஸ்வரிக்கு போன் போட்டார்.

"நீயே வந்து சொல்லும்மா."

"என்னன்னுண்ணா சொல்றது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "கத்தரிக்கோல்னு சொல்லு."

"அது எனக்கெப்பிடித் தெரியும்? நீங்கதான் சொல்லணும்."

சொன்னார். டிரெய்லர் காலியாகத் திரும்பியது. அவர் மனைவிதான் அதிகம் சிரித்தாள். மாலையில் மாதேஸ்வரி போனபோது அவர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"முந்தியே தோண்டிப் பாத்தேம்மா. கடையில வாங்கின மாதிரியே வந்துச்சி. புழு பூச்சிகூடத் தொடலை. பயந்துட்டேன்."

அவள் கிண்டல் செய்யவில்லை. "அரை ஏக்கரை மட்டும் எங்கிட்ட விடுங்கண்ணா" என்றாள்.

சாணம், மாட்டு மூத்திரம், வெல்லம், பயறு மாவு கலந்து ஊறவைத்த ஜீவாமிர்தத்தை அந்த அரை ஏக்கருக்கு ஊற்றினார். முதல் போகத்தில் கோஸ் தேங்காய் அளவுதான் வந்தது. அவளைப் போனில் திட்டித் தீர்த்தார். அடுத்த மழையில் தண்ணீர் ஓடிப்போகாமல் உள்ளே இறங்கியது. அன்று திட்டவில்லை.

இப்போது பயிற்சி கொடுக்க அவரும் அவள்கூட வருகிறார். கேன் நிறைய ஜீவாமிர்தத்தை இறுக மூடி டவுன் பஸ்ஸில் ஏற்றியது போன மாதம்தான். வழியில் அது புளித்துப் பொங்கி மூடி தெறித்தது. கண்டக்டர் பாதி ரோட்டில் இறக்கிவிட்டார். மாதேஸ்வரி ஸ்கூட்டரோடு போய், மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு, அவரைப் பின்னால் ஏற்றினாள்.

"மூடியைக் கொஞ்சம் லூசா வைக்கணும்னு நீ சொல்லவேயில்லையேம்மா."

"சொன்னேண்ணா. அப்ப நீங்க பன்னு தின்னுட்டிருந்தீங்க."