வாசப்படில ஹன்னா கேட்ட கேள்வி

வெளிநாட்டுப் பிள்ளைகள வீட்டுல தங்க வைக்கிறது ரொம்ப லேசான தொழில் மக்கா. வீட்டுல நம்ம ஆளுக யாரும் இல்லாம இருந்தாப் போதும்.

விருந்தாளிக்கு பாத்ரூம விட்டுக்கொடுத்துட்டு வெளிய துண்டோட நிக்குத எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். நான் இஞ்சினியரிங்க பாதில விட்டவன். செல்போன் கடை, பிரியாணிக் கடைன்னு எதுலயும் ஒட்டல. அப்பதான் நம்ம ஊரு விசைத்தறிச் சேலையப் பத்திப் படிக்க பின்லாந்துலேருந்து ஹன்னா வந்தா. மாடி ரூமக் கொடுத்தோம். அப்பா தறிக்கூடத்துல மேஸ்திரி. ஒரே கண்டிஷன்தான் போட்டாரு: "ஆடித்தபசுத் திருவிழா வரைக்கும் அந்தப் பிள்ள ஓடாம இருந்தா இதையே தொழிலா வச்சுக்கோ. ஓடிட்டா, மறுநாளே நீ தறிக்கு வாலே."

சாத்துன கதவு

ஹன்னா வந்ததும் செருப்ப வாசல்லயே கழட்டுனா. அவ ஊர்லயும் அப்படித்தானாம். "நம்ம பிள்ளைல்லா!"ன்னு அம்மா சொக்கிப் போயிட்டா. அந்தச் சந்தோஷம் மத்தியானம் வரைக்கும்தான். ஹன்னா ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திட்டா. நம்ம வீடுகள்ல பட்டப்பகல்ல கதவச் சாத்துனா கோவம்னுதான அர்த்தம்? குழம்புல உப்பு கூடிட்டோன்னு அம்மா பதறிட்டா. டீயோட போயி தட்டுனா. முறுக்கோட போயி தட்டுனா. கடைசில, சமாதானம் பேச பக்கத்து வீட்டு செல்வி அத்தையக் கூட்டிட்டுப் போயி தட்டுனா.

ஹன்னா பயந்துபோயி எங்கிட்ட வந்தா. அவ ஊர்ல கதவச் சாத்துனா படிக்கான்னு அர்த்தமாம். அம்மாகிட்ட சொன்னேன். அவ என்னைய ஏற இறங்கப் பாத்தா. "காலேஜுக்குப் போகையில நீயும்தான் கதவச் சாத்திட்டு இருந்த. நீ உள்ள என்னலே செஞ்ச?"

மடியில ஒரு பிள்ள

பின்லாந்துல பஸ்ல பக்கத்து சீட்டு காலியா இருந்தாலும் ஆளுக உக்கார மாட்டாங்களாம். அந்த ஊர்க்காரிய குருவிகுளம் பஸ்ல ஏத்துனேன். நல்ல கூட்டம். நின்னுட்டு வந்த ஒரு அக்கா ஒரு வார்த்த பேசாம கைப்பிள்ளையத் தூக்கி ஹன்னா மடில வச்சிட்டு, கம்பியப் பிடிச்சுக்கிட்டா. நமக்கு இது சாதாரணம். ஹன்னா, திரி கொளுத்துன வெடிய வச்சிருக்க மாதிரி அசையாம உக்காந்திருந்தா. பிள்ளைய விட்டுட்டுப் போயிருவாங்களோன்னு அவளுக்குப் பயம்.

இறங்குத இடத்துல அந்த அக்கா பிள்ளைய வாங்கிட்டு, ஹன்னா கன்னத்தத் தொட்டுச் சொன்னா: "அழவே இல்லியே! திரும்பி வரும்போதும் இதே சீட்டுல உக்காந்து வா தாயி."

தெரு கேட்ட கேள்வி

வெளிய கால் வச்சா தெருவே ஹன்னாகிட்ட கேக்கும்: "எங்க போற?" இஸ்திரிக்காரரு கேப்பாரு, பூக்கடைக்காரி கேப்பா. தன்னைய எல்லாரும் வேவு பாக்காங்கன்னே அவ முடிவு பண்ணிட்டா. ஒருநாள் சாயங்காலம், "திருநெல்வேலில ஹாஸ்டல் கிடைக்குமா?"ன்னு கேட்டா. எனக்கு தறிச் சத்தம் காதுக்குள்ளயே கேட்டுது.

அங்கனயே உக்கார வச்சுச் சொன்னேன்: "யாருக்கும் பதில் வேண்டாம். நீ எங்களுக்கு வேண்டியவ, அந்தப் பாசத்துலதான் கேக்காங்க. 'சும்மா இங்கன'ன்னு சொல்லிட்டுப் போயிட்டே இரு." அவளுக்கு கண்ணு கலங்கிட்டு. ஆனா ஹாஸ்டல்ங்கிற வார்த்த மட்டும் அப்பா காதுல விழுந்துட்டு. "நாளைக்கு மொதலாளியப் பாக்கப் போறேன். ஒனக்கு ஒரு தறி சொல்லிருதேன்லே."

கிளம்புன அப்பா

மறுநாள் காலைல அப்பா திருநீறு பூசி, வெள்ளச்சட்ட போட்டு, வலது கால வாசப்படிக்கு வெளிய எடுத்து வச்சாரு. மாடிப்படில ஹன்னா இறங்கி வந்தா. புதுசாப் படிச்ச பாசத்தையெல்லாம் கொட்டி, கணீர்னு கேட்டா: "அப்பா, எங்க போறீங்க?"

அம்மா தலைல கைய வச்சிட்டா. நடந்து போறவன எங்கனயும் கேக்கலாம்; வாசல்ல கால் வச்சவன மட்டும் கேக்கப்படாது, போற காரியம் உருப்படாது. இந்தப் பாதிய நான் சொல்லிக்கொடுக்க மறந்துட்டேன். அப்பா எடுத்து வச்ச கால உள்ள இழுத்து, நாற்காலில உக்காந்து தண்ணி கேட்டாரு. தான் கேட்டதுக்கு ஒரு மனுசன் வேலைய விட்டுட்டு வந்து உக்காந்துட்டாரேன்னு ஹன்னாவுக்குப் பூரிப்பு. அவளே தண்ணி கொண்டு வந்து, எதுத்தாப்ல உக்காந்து, தபசு வரைக்கும் இங்கதான் இருப்பேன், ஹாஸ்டல் வேண்டாம், கூடப் படிக்கவளும் வரணும்ங்கான்னு அரைத் தமிழ்ல சொல்லி முடிச்சா. அப்பா செம்ப கீழ வச்சிட்டு சட்டையக் கழட்டுனாரு. "தடங்கல் நல்லதுக்குத்தாம்லே. தறியாவது பிழைச்சுது."

ஆக மக்கா, படிப்பு கைவிட்டாலும் கெட்ட சகுனம் என்னையக் கைவிடல, இப்பல்லாம் அப்பா வெள்ளச்சட்டைய எடுத்தாலே நான் மாடியப் பாத்து ஹன்னாவக் கூப்பிட்டுருதேன்.