வந்த தண்ணி, விட்ட தண்ணி

காலையில் குழாய் இரைந்தால் மேல்தெருவில் "தண்ணி வந்துருச்சு" என்பார்கள். கீழ்த்தெருவில், "தண்ணி விட்டுட்டாங்க." வால்வுக்காரருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் காதில் விழுந்துகொண்டிருந்தன. இரண்டு தெருவுக்கும் தண்ணீர் திறப்பவர் அவர்தான். நீளச் சாவியைத் தோளில் சாய்த்து வந்து, இரும்பு மூடியை நெம்பி, குழிக்குள் விட்டுத் திருகுவார். குடியிருப்பது மேல்தெருவில்.

மகள் கீழ்த்தெருப் பையனைக் கட்டிக்கொண்டு போனபிறகு, அந்த வீட்டைக் கடக்கும்போது எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நடக்கப் பழகியிருந்தார். பேத்தி பிறந்ததுகூட அடுத்தவர் சொல்லித்தான் தெரியும். ஒரு நாள் வால்வைத் திறந்துவிட்டு நிமிர்ந்தபோது உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது.

"அத்தை, தண்ணி விட்டுட்டாங்க!"

பேச்சு வந்த நாளிலிருந்து "வந்துருச்சு" என்று கத்தியவள். அன்றைக்குச் சாவி கனத்தது.

அந்த வாரமே மேல்தெருக் குழாய் உடைந்தது. தோண்டிப்போட்ட மண்மேட்டில் நின்று தெருச் சங்கத் தலைவர் சொன்னார்: "சரிபண்ற வரைக்கும் கீழயும் மூடி வையி."

"அங்க உடையலையே."

"நமக்கு இல்லாதப்ப அவங்க மட்டும் குடம் குடமா பிடிப்பாங்களா? நீ எந்தத் தெரு ஆளுய்யா? பொண்ணு பாசமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மூடினால் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கலாம். மகள் வீட்டில் குழந்தைத் துணி அலசத் தண்ணீர் இருக்காது. சாவியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய், கீழ்த்தெரு வால்வை எப்போதும்போலத் திறந்தார்.

வீட்டுக்கு வந்தால், மனைவி காலிக் குடத்தை அவர் காலடியில் ணங்கென்று வைத்தாள்.

"ஊருக்கெல்லாம் தண்ணி விடுற மகராசன் வீட்டுல உலை வைக்கச் சொட்டு இல்ல."

"எங்க போய்ப் பிடிக்கச் சொல்ற?"

"தெரியாத வீடா? நான் எப்பவோ போக ஆரம்பிச்சாச்சு. இன்னிக்கு உங்க முறை."

குடத்தோடு வாசலில் நின்றவரைக் கண்டு மருமகன் அவசரமாகச் சட்டையைத் தேடினான். மகள் குழந்தையைத் தோளில் போட்டபடி வந்தாள். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சு அவருக்கு மறந்துபோயிற்று.

"கொஞ்சம் தண்ணி விடும்மா."

மகள் அவரையே பார்த்தாள்.

"வந்துட்டுதான்ப்பா இருக்கு. பிடிச்சுக்கோங்க."

குடத்தைக் குழாயடியில் வைத்தார். அது நிறைந்து வழிந்தது. எடுக்க முடியவில்லை. அவர் கையில் குழந்தை இருந்தது.