அப்பா வேண்டிக்கொண்டது

அப்பா ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. பென்னலூரிலிருந்து சைக்கிளில் போவார். கேட்டைத் திறந்துவிட்டு ஒவ்வொரு காருக்கும் சல்யூட் அடிக்க வேண்டும். கண்ணாடியைக்கூட இறக்காமல் போகிற இன்ஜினியர்களைப் பார்த்துப் பார்த்தே என் படிப்பை அவர் முடிவுசெய்திருப்பார். நான் ப்ளஸ் டூ எழுதும்போதே, பெண்ணுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தால் மொட்டை போடுவதாக வல்லக்கோட்டை முருகனிடம் வேண்டிக்கொண்டுவிட்டார். முருகனும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு நர்ஸ் ஆக ஆசை. தெருவில் யாருக்காவது அடிபட்டால் மற்ற பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், நான் கிட்டே போய்ப் பார்ப்பேன். அப்படித்தான் வந்தது அந்த ஆசை. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

“இன்னாடி பேசற? நர்ஸுன்னா நைட் டூட்டி. ராத்திரில வேலைக்குப் போற பொண்ண எவன் கட்டுவான்? இன்ஜினியர்னா ஏசில உக்காந்துகினு வேலை பாக்கலாம்.”

“எனக்குப் புடிக்கலப்பா.”

“படிச்சா தானா புடிக்கும்.”

அம்மா மூலமாக இன்னொரு முறை பேசிப் பார்க்கலாம் என்றிருந்தேன். அதற்குள் சீட் வந்துவிட்டது. மறுநாளே மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு அப்பா வந்து நின்றார். தெருவெல்லாம் பிரசாதம் கொடுத்தாகிவிட்டது. “சாமி காரியம் முடிஞ்சிடுச்சு, இனிமே இன்னா பேச்சு?” என்றாள் அம்மா. மழித்த முடியைத் திரும்ப ஒட்டவா முடியும்? வாயை மூடிக்கொண்டு மெக்கானிக்கல் படித்தேன்.

இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். அங்கே ஏசி மெஷினுக்குத்தான், எங்களுக்கு இல்லை. ஷிஃப்ட் மாறி மாறி வரும். நைட் ஷிஃப்ட் என்றால் அப்பாவே தெருமுனை வரை வந்து கம்பெனி வேனில் ஏற்றிவிடுவார். நர்ஸுகளுக்கு மட்டும்தான் ராத்திரி ஆகாது போலிருக்கிறது. சொல்லிக்காட்ட எத்தனையோ முறை வாய் வரை வந்திருக்கிறது. அவர் முகத்தில் இருக்கும் பெருமையைப் பார்த்தால் மனசு வராது.

போன வருஷம் சர்க்கரையால் அவர் கால் விரலில் புண். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நான்தான் கட்டைப் பிரித்து, கழுவி, மருந்து வைத்துக் கட்டுவேன். நாள் முழுக்க நான் செய்கிற வேலைகளில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். அப்பாவின் புண்ணில் சந்தோஷம் தேடுகிறோமே என்று வெட்கமாகவும் இருக்கும். புண் மெல்ல ஆறிக்கொண்டு வந்தது. ஒருநாள் காலையில் நான் கட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

“ஆஸ்பத்திரில கட்டறப்போ உசுரு போவுது. இவ கை பட்டா வலியே தெரியல. இவள நர்ஸுக்குப் படிக்க வெச்சிருக்கணும். நமக்குத்தான் தோணவே இல்ல பாரு.”

அம்மா சட்டென்று என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஞாபகம் இருந்தது. அப்பாவுக்கு இல்லை, நடிக்கத் தெரியாத மனுஷன். மனசாரப் பாராட்டிவிட்டுக் காபி கேட்டார். இத்தனை வருஷமாக மனசுக்குள் அவரோடு நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு சண்டை இருந்ததே அவருக்குத் தெரியாது.