டெட்டால் விட்ட போத்தல்

கதிர்காமநாதன் வீட்டில் குடிதண்ணீர் இருமுறை கொதிக்கும். ஒருமுறை கிருமிக்காக, மறுமுறை அவருடைய மனத்துக்காக. துறைமுக அலுவலகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், பொதுக் கழிவறையின் வாசலைக்கூட மிதித்ததில்லை. அப்படிப்பட்ட மனிதருக்கு எண்பத்து மூன்றாம் ஆண்டில் வயிறு போகத் தொடங்கியது, சளியும் இரத்தமுமாக. கோவிலில் கேட்டவர்களிடம் "கொஞ்சம் வாயு" என்றார். கால்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தபோதும் அதே வாயுதான்.

வாயு என்று அவரே நம்பவில்லை. தைப்பிங்கில் இருந்த அண்ணருக்கும் இரத்தத்தில்தான் ஆரம்பித்தது. குடலில் புற்று என்று தெரிவதற்குள் மனிதர் பாதியாகிவிட்டார். இதை மனைவி பத்மாவதியிடம் அவர் சொல்லவில்லை. அவர் மெலிவதைப் பற்றி அவளும் கேட்கவில்லை. மற்றபடி வீட்டில் மழை, மீன் விலை, பேரனின் பரீட்சை எல்லாம் தாராளமாகப் பேசப்பட்டன.

டாக்டர் தங்கராஜு மலப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ்ஸில், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, மைலோ டின்னுக்குள் போத்தலை வைத்துக் கொண்டுபோனார் கதிர்காமநாதன். கிருமி எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. வேறு யாராவது என்றால் தேங்காய் உடைத்திருப்பார்கள். அவர் தாளை மறுபடி மறுபடி படித்தார். கிருமி இல்லையென்றால் மிச்சம் அண்ணருடைய வியாதிதானே?

"இன்னொரு தடவ பாக்கலாம். அதுலயும் ஒண்ணுமில்லன்னா குழாய் விட்டு, சதை எடுத்துப் பாக்கணும்" என்றார் டாக்டர்.

இரண்டாவது போத்தலை ஆய்வுக்கூடத்தில் சந்திரிகா என்ற பெண் வாங்கித் திறந்தாள். மூக்கைச் சுளிக்கவேண்டிய இடத்தில் புருவத்தை உயர்த்தினாள்.

"என்னா அங்கிள், டெட்டால் வாசம் வருது?"

"ஒரு மூடி விட்டனான், பிள்ளை. நீங்கள் கையாளுற சாமான். அப்பிடியே தரலாமோ?"

"ஐயோ! போன தடவையும் ஊத்துனீங்களா?"

"அப்ப ரெண்டு மூடி."

"அப்புறம் எப்படிலா கண்டுபிடிக்கிறது? அமீபா உயிரோட நகந்தாத்தான் அங்கிள் தெரியும். நீங்க குளிப்பாட்டிக் கொன்னுல்ல கொண்டாறீங்க! சூடு ஆறுமுன்ன வேணும். இந்தாங்க புது போத்தல். டாய்லெட் அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் ஈரத்தரை, தொங்கும் தாழ்ப்பாள், வாசலில் வரிசை. கழுத்துப்பட்டியைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்தார். மானம் பெரிதா, குடல் பெரிதா என்று வரிசையில் நின்றபடி யோசித்தார். வயிறு அதிக நேரம் யோசிக்க விடவில்லை.

சற்று நேரத்தில் சந்திரிகா கூப்பிட்டாள். "ஆளப் பாருங்க அங்கிள்."

நுண்ணோக்கியின் கீழே கண்ணாடித் துளிபோல ஒன்று, உடம்பின் ஒரு பக்கத்தைக் காலாக நீட்டி, சாவகாசமாக நகர்ந்தது. விழுங்கிய சிவப்பணுக்கள் அதற்குள் புள்ளிகளாகத் தெரிந்தன.

"இதுதானோ? வேற ஒண்டும் இல்லையோ?"

"இது போதாதா உங்களுக்கு?"

முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் தங்கராஜு கேட்டார்: "பச்சையா என்னா சாப்பிடுறீங்க?"

"வல்லாரைச் சம்பல். மூளைக்கு நல்லதெண்டு தினமும்."

"எங்க பறிக்கிறீங்க?"

"வீட்டுக்குப் பின்னால, லோங்காங் கரையில."

டாக்டரின் பேனா ஒரு கணம் நின்றது. லோங்காங்கில் ஓடும் சாக்கடைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க யாருக்கும் தோன்றியிருக்காது. பிறகு இரண்டு மருந்து எழுதினார்: குடல் சுவரைத் துளைத்திருப்பவற்றைக் கொல்ல ஒன்று, உள்ளே ஒளிந்திருக்கும் மிச்சத்துக்கு இன்னொன்று. வயிறு நின்றாலும் பாதியில் நிறுத்தக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

பத்மாவதி வாசலிலேயே நின்றாள். "என்னவாம்?"

"அமீபா."

"அது புற்றுக்கு இங்கிலீஷ் பேரோ?"

கதிர்காமநாதன் அவளைப் பார்த்தார். "இல்லையப்பா. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. குளிசையில போயிடும்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துக் கேட்டாள்: "இவ்வளவு நாளும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் ஏன் கேக்கேல்லை?"

அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள். முதல் குளிசையை விழுங்கினார். தகரத்தை நக்கியதுபோல வாயெல்லாம் ஒரு கசப்பு.

"கசக்குதோ?"

"நல்லாக் கசக்குது" என்றார், மறுபடி நாக்கால் துழாவிப் பார்த்தபடி.