ஏரிக்குள்ளயிருந்து வந்த நீள விசில்

முதல்லயே சொல்லிடறேன், இந்த பேய், பிசாசு, ஆவி சமாச்சாரமெல்லாம் நான் நம்புற ஆளே கிடையாது. இரும்புலியூர்ல இன்வெர்ட்டர் பேட்டரி கடை வச்சிருக்கேன், கண்ணுக்குத் தெரியாத விஷயத்துல நான் நம்புறது கரண்ட்டை மட்டும்தான், அதையும் டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் நம்புவேன். எங்க தெருமுனைல ஒரு புளியமரம் இருக்கு, இருட்டினா அந்தப் பக்கமே போகாத ஆளுங்க இருக்காங்க, நான் அதுக்கு அடியிலதான் தினமும் வண்டியப் போடுவேன், ஏன்னா அங்கதான் நிழல். அதனால இப்ப நான் சொல்றதைக் கேட்டு நீங்க சிரிச்சா எனக்குக் கோவமெல்லாம் வராது. உங்க இடத்துல நான் உக்காந்திருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.

எங்க செட்டுல மூணு பேர். ஒண்ணு நான், ரவி. இன்னொருத்தன் தாமு, திருநீர்மலை பக்கம் பழைய ஊர்க்காரன், அவங்க தாத்தா காலத்துல ஏரிப் பாசனத்துல நெல்லு போட்ட நிலமெல்லாம் இப்ப வாடகை வீடா நிக்குது, நாள்பூரா வேலை கிடையாது, ஆனா கேட்டா ரொம்ப பிஸின்னுவான். மூணாவது பென்னி, பெஞ்சமின், ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர். மூணு பேருக்கும் மீன் பைத்தியம். ஞாயித்துக்கிழமை பென்னி முதல் ஆராதனைக்குப் போகாம ஏரிக்குப் போறான்னு அவன் சம்சாரம் ஸ்டெல்லா எங்க ரெண்டு பேரையும்தான் திட்டும்.

சாதா தூண்டில்தான் போட்டுக்கிட்டு இருந்தோம். ஸ்டெல்லாவோட அண்ணன் கனடால இருக்காரு, அங்க ஆத்துல இறங்கி நின்னுக்கிட்டு ட்ரௌட்டு, தண்ணிய எதிர்த்து ஏறுற ஸ்டீல்ஹெட்டுன்னு ஏதேதோ மீன் பிடிப்பாராம், ஒரு தடவ லீவுல வந்தப்போ அவரோட பழைய தூண்டில் ஒண்ணை பென்னிக்குக் குடுத்துட்டுப் போனாரு. அதுல புழு கிடையாது, மாவு கிடையாது. முள்ளுல இறகைக் கட்டி பூச்சி மாதிரி பண்ணி, ஒரு தடிமனான கயித்தை தலைக்கு மேல முன்னயும் பின்னயும் வீசி, பூச்சி தானா வந்து தண்ணில உக்கார்ற மாதிரி விடணும். பார்க்க அழகா இருக்கும், பண்ணினா தோள்பட்டை கழண்டுடும். கறிக்கடையில கோழி இறகு பொறுக்கி, தாமு வூட்டுப் பொடவைல ஜரிகை உருவி, நாங்களே பூச்சி கட்டினோம். கரை மேல வாக்கிங் போன ஒரு ஆளு நின்னு பாத்துட்டு, "இன்னா சார், கொசு அடிக்கிறீங்களா?"ன்னு கேட்டுட்டுப் போனாரு. ஒரு மாசம் கழிச்சு அதே ஆளு பாக்குறப்போ அந்தப் பூச்சியில ஒரு விரால் தொங்குச்சு, அப்புறம் ஒண்ணும் கேக்கல. நானும் தாமுவும் அதே மாதிரி ஆளுக்கு ஒரு தூண்டில் வாங்கிட்டோம்.

எந்த ஏரின்னு மட்டும் கேக்காதீங்க, சொன்னா நாளைக்கு நீங்களும் ஒரு கம்பு தூக்கிக்கிட்டு வந்து நிப்பீங்க. வருஷம் பூரா போவோம். வெயில் காலத்துல தண்ணி சுண்டி குட்டை குட்டையா நிக்கும், அப்போ விரால் வெறி பிடிச்ச மாதிரி கடிக்கும். ஆடிக் காத்துல இந்தத் தூண்டில் வேலைக்கே ஆகாது, வீசின முள்ளு நம்ம காதுலயே வந்து மாட்டும். ஐப்பசி மழையில ஏரி ரொம்பி, மிச்சத் தண்ணி வெளியேறக் கட்டின கலங்கல்ல வழியும், கெண்டையெல்லாம் அதை எதிர்த்து ஏறும், இதுதான்டா நம்ம ஊரு ஸ்டீல்ஹெட்டுன்னு பென்னி கத்துவான். ஆனா எங்களுக்குப் பிடிச்சது மார்கழிதான். விடியக்கால பனி தண்ணி மேல வெள்ளையா உக்காந்துக்கும், பக்கத்துல நிக்கிறவன் கூடத் தெரியாது.

இங்கதான் விசில் மேட்டரைச் சொல்லணும். அந்த ஏரியில சம்புப் புல்லு ஆள் உயரத்துக்கு மேல நிக்குது. ஆளுக்கு ஒரு பக்கமா இறங்கிட்டா யாரு எங்கன்னு தெரியாது. கத்தினா மீன் ஓடிடும். போனு தண்ணில விழுந்து பாழாப்போன அனுபவம் இருக்கு, அதனால அதை வண்டி டிக்கியிலயே வச்சுட்டு இறங்குவோம். ஒரு தடவ மண்ணு அள்ளின பள்ளத்துல தாமு கழுத்து வரைக்கும் இறங்கிட்டான், எங்களுக்குத் தெரியவே இல்ல. அன்னைக்குப் பென்னி ஒரு சட்டம் போட்டான். நீளமா ஒரு விசில் வந்தா, எங்க இருக்கன்னு அர்த்தம். குட்டியா ரெண்டு விசில் குடுத்தா, இங்க இருக்கேன்னு அர்த்தம். கையில மீனே மாட்டியிருந்தாலும் சரி, நீள விசிலுக்குப் பதில் குடுக்காம இருக்கக் கூடாது.

பென்னி விசில் தனி. கிரவுண்டுல முந்நூறு பசங்களை நிறுத்துற விசில், கடைசில லேசா மேல தூக்கி முடிப்பான். தாமுவும் பரவால்ல. எனக்குத்தான் வராது. காத்து பாதி, எச்சில் பாதி. பிரஷர் குக்கர்ல கேஸ்கட் போன மாதிரி இருக்குன்னு ரெண்டு பேரும் ஓட்டுவானுங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி, கார்த்திகை கடைசில, ஸ்கூல் கிரவுண்டுலயே பென்னி சுருண்டு விழுந்துட்டான். மூளைல ரத்தக்குழாய் அடைப்புன்னாங்க. குரோம்பேட்டை பக்கம் ஒரு ஆஸ்பத்திரி, ஐ.சி.யு., வாயில ட்யூப். நாள் போகுது, கண்ணு திறக்கல. டாக்டரு பொறுத்துப் பாக்கலாம்னாரு, அவரு சொன்ன விதத்துலயே எங்களுக்குப் புரிஞ்சு போச்சு. நானும் தாமுவும் தினமும் போய் வெளிய சேர்ல உக்காந்துக்கிட்டு இருப்போம், உள்ள விட்டா ஒரு நிமிஷம் அவன் காலைத் தொட்டுட்டு வருவோம், அவ்ளோதான் எங்களால முடிஞ்சது.

மார்கழி பொறந்து பனி இறங்கின உடனே ஸ்டெல்லாதான் சொல்லிச்சு, இங்க உக்காந்து என்னண்ணா பண்ணப் போறீங்க, அவரு நல்லா இருந்தா இந்நேரம் உங்களை இழுத்துக்கிட்டுப் போயிருப்பாரு, போயிட்டு வாங்கன்னு. எங்களுக்கு மனசே இல்ல. ஆனா போனோம். பென்னியோட தூண்டிலையும் எடுத்துக்கிட்டுப் போய், அவன் எப்பவும் இறங்குற இடத்துல கரையில சாத்தி வச்சான் தாமு.

விடிஞ்சும் விடியாத நேரம். பனின்னா அப்படி ஒரு பனி, என் தூண்டில் நுனி எனக்கே தெரியல. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துலயே நின்னு சும்மா வீசிக்கிட்டு இருந்தோம். அப்பதான் ஏரிக்கு நடுவுல இருந்து ஒரு விசில். நீளமா. கடைசில லேசா மேல தூக்கி.

நம்புனா நம்புங்க, நம்பாட்டி போங்க, அது பென்னி விசில். இருபது வருஷமா கேக்குறேன், எனக்குத் தெரியாதா?

தாமு என் கையைப் புடிச்சுட்டான். "டேய், பதில் குட்த்துடாதடா. இந்த மாதிரி கூப்ட்டா பதில் குடுக்கக் கூடாது, எங்க வூட்ல சொல்லிக்கீறாங்க. குட்த்தா நம்மளையும் இட்டுகினு பூடும்"னான். சத்தியமா சொல்றேன், எனக்கும் பயம்தான். மறுபடி அதே விசில். இந்தத் தடவ அதுல ஒரு பதட்டம் தெரிஞ்சுது, வழி தெரியாம நிக்கிறவன் குரல் மாதிரி. எனக்கு என்ன தோணுச்சுன்னா, அது எதுவா வேணா இருக்கட்டும், அந்தச் சட்டம் போட்டவன் அங்க ஆஸ்பத்திரியில கிடக்கான், இன்னைக்குப் பதில் குடுக்காம விட்டா அப்புறம் அவன் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?

தாமு கையை உதறிட்டு ரெண்டு விசில் குடுத்தேன். பாதி காத்து, பாதி எச்சில்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் அங்கயிருந்து நீள விசில், முன்னவிட கிட்ட. நான் குடுத்தேன். அது வந்துச்சு. இப்படியே போய்க்கிட்டு இருந்துச்சு, உதடு மரத்துப் போச்சு, நான் விடல. அப்புறம் தண்ணில நடக்குற சத்தம் கேட்டுச்சு. சாதாரணமா நடக்குற மாதிரி இல்ல. ஒரு கால் சளக்குனு வைக்குது, இன்னொரு கால் தண்ணிய இழுத்துக்கிட்டு வருது. சளக்கு, சர்ர்ர். சளக்கு, சர்ர்ர். எங்களுக்கு நேரா வரல, பென்னி தூண்டில் சாத்தி வச்ச இடத்துக்குப் போச்சு. அங்க கரை ஏறுற மாதிரி ஒரு சத்தம், அவ்ளோதான், நின்னுடுச்சு. ஓடிப்போய்ப் பாத்தோம், யாரும் இல்ல, தூண்டில் வச்சது வச்சபடி இருக்கு. தாமு ரங்கநாதா ரங்கநாதான்னு சொல்லிக்கிட்டே வண்டிய நோக்கி ஓட்டம் பிடிச்சான். நானும் அவன் பின்னாடி ஓடினேன். ஓடுறப்போ ஏரிக்குள்ள தூரமா இன்னொரு விசில் கேட்ட மாதிரி இருந்துச்சு, சன்னமா. ஏதோ பறவைன்னு நினைச்சு நான் திரும்பிக்கூடப் பாக்கல.

டிக்கியைத் திறந்தா போன்ல ஸ்டெல்லாவோட மிஸ்டு கால் வரிசையா நிக்குது. போச்சு, எல்லாம் முடிஞ்சு போச்சுன்னுதான் நினைச்சேன், அப்படியே மண்ணுல உக்காந்துக்கிட்டுத்தான் திருப்பிப் போன் போட்டேன். அந்தப் பொண்ணு அழுவுது. கடைசில, "கண்ணு முழிச்சிட்டாருண்ணா, இப்பதான், என்னப் பாத்தாருண்ணா"ன்னு சொல்லிச்சு. நானும் தாமுவும் அந்த ஏரிக்கரையில குழந்தைங்க மாதிரி அழுதோம், அதைச் சொல்றதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல.

அப்புறம் வார்டுக்கு மாத்தினாங்க, வாக்கர் குடுத்து நடக்க வச்சாங்க. முதல் தடவ அவன் வராண்டாவுல நடந்து வர்றப்போ நான் ஃபிளாஸ்க்ல காபி ஊத்திக்கிட்டு இருந்தேன், அவனுக்கு முதுகு காட்டி. பின்னாடி சத்தம் கேட்டுச்சு. வலது கால் வைக்குது, இடது கால் தரையை இழுத்துக்கிட்டு வருது. காபி எல்லாம் கையில கொட்டிடுச்சு. தாமு என்னைப் பாத்தான், நான் அவனைப் பாத்தேன். பென்னிகிட்ட நாங்க ஏரி விஷயத்தை மூச்சு விடல, தேறி வர்றவன்கிட்ட எதுக்குன்னு விட்டுட்டோம்.

பங்குனியிலதான் அவனுக்குப் பேச்சு ஓரளவுக்குத் தெளிவா வந்துச்சு. ஒரு நாள் அவன் வீட்டு மொட்டை மாடியில மூணு பேரும் உக்காந்திருக்கோம், அவனே ஆரம்பிச்சான்.

"மச்சான், உனக்கு இன்னும் விசிலடிக்கத் தெர்லடா"ன்னான். நான் சும்மா சிரிச்சேன். அவன் சிரிக்கல. ஒவ்வொரு வார்த்தையா தேடித் தேடிச் சொன்னான். இடுப்பளவு தண்ணில நிக்கிறானாம், சுத்தி வெள்ளையா இருக்கு, கரை எந்தப் பக்கம்னு தெரியல, ரொம்ப நேரமா விசில் அடிச்சுப் பாத்திருக்கான், பதிலே இல்ல. அப்படியே உக்காந்துடலாம்னு நினைச்சப்பதான் அந்தக் கேவலமான விசில் கேட்டிருக்கு. உலகத்துலயே இப்படி ஒருத்தன்தான் அடிப்பான்னு தெரிஞ்சு அந்தப் பக்கம் நடந்தானாம். சொல்லிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டான்.

அதோட நிறுத்தியிருந்தா நான் இன்னைக்கு நிம்மதியா இருந்திருப்பேன். என் கையை விடாமலே மேல சொன்னான்.

"எனுக்குப் பின்னால இன்னொரு ஆளும் வந்துகினு இருந்தாருடா. உன் விசிலைக் கேட்டுத்தான் அவரும் வந்தாரு. நான் ஏறிட்டேன். நான் ஏறின உடனே நீ நிறுத்திட்ட."

யாருன்னு கேட்டேன். மூஞ்சி தெரியலன்னான். அதுக்கு மேல அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

இப்ப பென்னி நல்லா இருக்கான். ஸ்கூலுக்குப் போறான், ஆபீஸ் ரூம்ல உக்கார வச்சிருக்காங்க, அங்கயிருந்தே பசங்களை அதட்டுறான். வாய் ஒரு பக்கம் லேசா கோணிக்கிச்சு, அதனால விசில் மட்டும் வராது. கரையில பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்துக்கிட்டு வலது கையால வீசுவான், சமயத்துல எங்களைவிட நல்ல மீனாப் பிடிக்கிறான். ஸ்டெல்லாவே அவனைக் கொண்டாந்து விட்டுட்டுப் போகுது. இவ்ளோ நடந்ததுக்கப்புறம் மூணு பேரும் ஒண்ணா ஒரு விடியல்ல நிக்கிறோம் பாருங்க, இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?

போன மார்கழியில முதல் பனி அன்னைக்கு, பென்னி என் பக்கத்துல சேர்ல உக்காந்து பூச்சி கட்டிக்கிட்டு இருக்கான், ஏரி நடுவுல இருந்து நீளமா ஒரு விசில். கடைசில தூக்கல. தட்டையா, அசந்து போன ஆளு அடிக்கிற மாதிரி. பென்னி நிமிந்து என்னப் பாத்தான். நான் உதட்டைக் குவிக்கிறதுக்குள்ள, பதில் குடுக்காத பதில் குடுக்காதன்னு அன்னைக்கு அலறினானே தாமு, அவன் தூண்டிலைக் கீழ போட்டுட்டு ரெண்டு விசில் குடுத்தான். அப்புறம் நான் குடுத்தேன். வெயில் ஏறி பனி கலையிற வரைக்கும் மாத்தி மாத்திக் குடுத்தோம். அன்னைக்கு யாரும் மீன் பிடிக்கல.

ஒவ்வொரு பனிக்கும் போறோம். யாருன்னு தெரியாது, எங்கயோ எந்த ஆஸ்பத்திரிக் கட்டில்லயோ கண்ணு முழிக்காம கிடக்கிற யாரோ ஒருத்தர்னு பென்னி சொல்றான், அவரு வீட்டுல ஒரு ஸ்டெல்லா காத்துக்கிட்டு இருக்கும்ங்கிறான். இருக்கலாம். எனக்கு விளக்கம் எல்லாம் தெரியாது, நான் பேட்டரி விக்கிறவன். ஒண்ணு மட்டும் தெரியும், போன வருஷம் அந்த விசில் ஏரி நடுவுல இருந்து வந்துச்சு. இந்த வருஷம் சம்புக்கு இந்தப் பக்கம் கேக்குது, தண்ணில காலு வைக்கிற சத்தத்தோட.