கருகாத காயில்

நான் இருபத்திரண்டு வருடம் மோட்டார் காயில் சுற்றியவள். செகந்திராபாத் பக்கம் நாச்சாரத்தில் மிக்ஸிக்கும் சின்ன கிரைண்டருக்கும் மோட்டார் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில் எனக்கு வேலை. காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறு வரை செம்புக் கம்பியும் நானும்தான். கருகிய காயில் எப்படி நாறும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மோட்டாரை மூக்கருகே கொண்டுபோனாலே போதும், உள்ளே வெந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

அப்படிப்பட்டவளின் வீட்டில் ஒரு தையல் மெஷின் மூன்று வருடம் மூடிக் கிடந்தது. மோட்டார் கருகிவிட்டது என்று என் நாத்தனார் சொன்னார். நான் நம்பினேன்.

நாத்தனார் என் கணவருக்கு அக்கா. அவர்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத் வந்துவிட்டது. நான் குடியாத்தத்திலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவருக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. கல்யாணம் அமையவில்லை. ஏன் என்று அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

முன்னறையில் சன்னலை ஒட்டி அவருடைய மெஷின் இருக்கும். கறுப்பு மெஷின், பொன்னிற எழுத்தெல்லாம் தேய்ந்துபோனது. ஊரைக் காலி செய்து கப்பலேறிய ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடமிருந்து என் மாமனார் வாங்கியது. பின்பக்கம் மாங்காய் அளவுக்கு ஒரு மோட்டார், காலுக்கு ஒரு சின்ன பெடல். பெடலை லேசாக அழுத்தினால் மெதுவாகப் போகும், அழுத்த அழுத்த வேகம் எடுக்கும். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலின் பெருவிரலால் மட்டும்தான் அதை அழுத்துவார். தெருவில் பாதிப் பெண்களின் ஜாக்கெட் அவர் தைத்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சீருடை சீசனில் அவர் சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டார்.

எங்களுக்குள் சண்டை என்று எதுவும் இல்லை. ஆனால் நெருக்கமும் இல்லை. ஒரே சமையலறையில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் இடிக்காமல் நடக்கப் பழகியிருந்தோம், அவ்வளவுதான்.

ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது மெஷின் மரப்பெட்டிக்குள் போயிருந்தது. அதன்மேல் பழைய படுக்கை விரிப்பு.

“மோட்டர் போச்சும்மா” என்றார் அக்கா. “புகை வந்துச்சு. ஒரே நாத்தம்.”

“அதுக்கென்னக்கா, ஞாயித்துக்கிழமை நான் பிரிச்சுச் சுத்தித் தரேன். ரெண்டு மணி நேர வேலை.”

“நக்கோ நக்கோ, வாணாம். போதும். இத்தினி வருஷம் ஓட்டினது போதும். முதுகு வலிக்குது.”

அவருடைய இடது கை ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. என்ன என்று கேட்டேன். வெங்காயம் நறுக்கும்போது கத்தி பட்டது என்றார்.

அடுத்த மாதம் ஒருமுறை கேட்டேன், தீபாவளிக்கு முன்னால் இன்னொரு முறை. இரண்டு முறையும் நக்கோதான். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. மெஷின் நின்ற நாளிலிருந்து சமையல் முழுவதும் அக்காவிடம் போய்விட்டது. காலையில் எழுந்தால் காபி கலந்திருக்கும். எனக்கும் கணவருக்கும் டிபன் பாக்ஸ் கட்டித் தயாராக இருக்கும். கணவருக்கு பாலாநகரில் கடைசல் வேலை, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அவரை அனுப்பிவிட்டு அவசர அவசரமாக ஓடிய எனக்கு, கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் தலையை ஒழுங்காக வாரிப் பின்ன நேரம் கிடைத்தது. மெஷின் கெட்டது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வசதியில்தான் நான் மூன்று வருடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

பிறகு எங்கள் தொழிற்சாலை மூடப்பட்டது. முதலாளி இடத்தை விற்றுவிட்டார். பகல் நேரத்தில் வீட்டில் இருப்பது எனக்குப் புதிது. முதல் வாரம் எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை. அப்போது சில விஷயங்கள் கண்ணில் பட்டன. அக்கா அரிசியில் கல்லைப் பார்த்துப் பொறுக்கவில்லை, தட்டில் பரப்பி விரலால் தடவித் தடவி எடுத்தார். டீ ஊற்றும்போது டம்ளருக்குள் விரல் நுனியை வைத்துக்கொண்டார். ஹாலில் ஸ்டூலை நான் ஒரு அடி தள்ளிப் போட்டிருந்தால் அதில் இடித்துக்கொண்டார். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு அப்போது அறுபதுகூட ஆகவில்லை.

மல்காஜ்கிரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அக்கா ஒரு வாரம் போனார். என் கணவர் கொண்டுபோய் விட்டு வந்தார். கை சும்மா இருந்ததாலோ என்னவோ, எனக்கு மெஷின் ஞாபகம் வந்தது. அவர் திரும்பி வரும்போது ஓடவைத்துக் காட்டினால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

பெட்டியைத் திறந்து மோட்டாரைக் கழற்றி சன்னல் வெளிச்சத்தில் வைத்தேன். மூடியில் இரண்டு திருகாணிகள். ஒன்று நேராக இருந்தது. இன்னொன்று மரை தப்பிச் சாய்வாக ஏறியிருந்தது. அக்கா மோட்டாரில் தேய்ந்துபோகும் கார்பன் கட்டையை மாற்றுவதெல்லாம் தானே செய்துகொள்பவர், திருகாணியை இப்படி முடுக்கமாட்டார். அவசரத்தில் செய்திருப்பார் என்று நினைத்தபடி கழற்றினேன்.

மூடி வந்ததும் வழக்கம்போல மோந்து பார்த்தேன். எண்ணெய் வாசம், தூசி வாசம். கருகல் இல்லை. காயில் மேல் பூசிய வார்னிஷ் பனைவெல்லப் பாகு மாதிரி பழுப்பாக, முழுசாக இருந்தது. சீரீஸ் பல்பை வைத்துப் பார்த்தேன், பல்பு எரிந்தது, காயில் எங்கும் அறுபடவில்லை. உள்ளே சுழலும் ஆர்மேச்சரும் நன்றாக இருந்தது. பிறகு ஏன் ஓடவில்லை என்று உள்ளே வரும் வயரை விரலால் தொடர்ந்து போனேன். வயர் நுழையும் ரப்பர் புஷ்ஷைத் தாண்டி ஒரு அங்குலத்தில் அது முடிந்துவிட்டது. மறுமுனை காயில் பக்கம் தனியாகத் தொங்கியது.

அறுந்த வயர் பிரிபிரியாக இருக்கும். தேய்ந்து அறுந்ததா, சூட்டில் அறுந்ததா, எலி கடித்ததா என்று பார்த்தவுடன் தெரியும். இது சாய்வாக, ஒரே வெட்டில், கத்தரிக்கோலால் வெட்டியது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வேலை செய்யப் பிடிக்காமல் வெட்டிப்போட்டுவிட்டு, என்னிடம் புகை வந்தது என்று கதை சொல்லியிருக்கிறாரே என்று.

அந்தக் கோபத்தோடுதான் வேலையை ஆரம்பித்தேன். பழைய வயரின் ரப்பர் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. வெட்டியதை மட்டும் ஒட்டினால் பத்தாது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். காயில் முனைகளை வார்னிஷ் சுரண்டி, புது வயரை முறுக்கி, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு, அசையாதபடி நூலால் கட்டினேன். கடையில் சரியான அளவு கார்பன் கிடைக்கவில்லை. பெரியதை வாங்கி உப்புத்தாளில் தேய்த்துச் சின்னதாக்கினேன். பெடலைத் திறந்து துடைத்தேன். எர்த் கம்பியோடு மூன்று முனை பிளக் போட்டேன். இரண்டு மணி நேர வேலை என்று சொன்னேனே, இரண்டு நாள் ஆயிற்று. பெடலை அழுத்தியதும் முனகி, ஒருமுறை திணறி, பிறகு மெஷின் ஓடியது. முன்பு சன்னலோரம் கேட்ட அதே சத்தம்.

அக்கா திரும்பி வந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கணவரும் வீட்டில் இருந்தார். அக்கா காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்ததும், நான் பெடலை அழுத்தினேன்.

அக்கா நடு ஹாலில் நின்றுவிட்டார். அவர் முகம் மெஷின் பக்கம் திரும்பியது. ஆனால் பார்வை அதைவிட்டு ஒரு சாண் தள்ளி, சுவரில் இருந்தது.

“யாரு தொறந்தது?”

“நான்தான்கா.”

“கைக்கு தொறந்தே, ஏன் தொறந்தே? நான் வாணாம்னு சொன்னேன்ல?”

“உள்ள ஒண்ணும் கருகலக்கா. வயர் வெட்டியிருந்துச்சு.”

“எலி கடிச்சிருக்கும்.”

“எலி கத்திரிக்கோல் வெச்சிக்கிட்டா வரும்?”

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். இப்போது நினைத்தாலும் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அக்கா தடவியபடி வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்தார். உட்காரவில்லை.

“கண்ணு தெரியலம்மா” என்றார். “நேரா இருக்கிறது கொஞ்சம் தெரியும். பக்கவாட்டுல இருக்கிறது தெரியாது. ரெண்டு பக்கமும் யாரோ திரை போட்ட மாதிரி. முதல்ல கொஞ்சமா இருந்துச்சு. அப்புறம் டீச்சரம்மா ஜாக்கெட்டுக்குக் கை கோணலா வெச்சுட்டேன், திருப்பிக் குடுத்தாங்க. மறுநாள் ஊசி விரல்ல எறங்கிடுச்சு. விரல் அங்க இருக்கிறதே எனக்குத் தெரியல.”

கணவர் பேப்பரைக் கீழே வைத்தார். “எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா.”

“சொன்னா? மெஷின் கெட்டா யாரும் என்னைக் கேக்கமாட்டாங்க. கண்ணு கெட்டா நான் இந்த வீட்டுக்குப் பாரம்தானே?”

“யாருக்கா அப்படிச் சொன்னது?” என்றேன்.

அக்கா என் குரல் வந்த பக்கம் திரும்பினார். “நீதான் சொன்னே. கை ஓடற வரைக்கும்தான் இந்த வூட்ல மரியாதைன்னு.”

நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றுதான் வாயெடுத்தேன். அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. என் மாமியார் உயிரோடு இருந்த காலம். செம்புக் கம்பி கிழித்து விரல் வீங்கி ஒருநாள் நான் வேலைக்குப் போகவில்லை. மாமியார் ஏதோ முணுமுணுத்தார். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே, ‘கை ஓடற வரைக்கும்தான் நமக்கெல்லாம் இந்த வூட்ல மரியாதை’ என்றேன். என்னைப் பற்றித்தான் சொன்னேன், மாமியார் காதில் விழட்டும் என்று. முன்னறையில் அக்கா தைத்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்கும் என்றே நான் நினைக்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் அந்த வார்த்தையை அவர் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“அது என்னைச் சொன்னதுக்கா. உங்களை இல்ல.”

“ஹவ்” என்றார். ஆமாம் என்று. நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் கணவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு, ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு என்று பாதிநாள் போயிற்று. கடைசியில் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பு காய்ந்துவிட்டது. போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்ற மருந்து விடலாம். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். மூன்று வருடம் இருக்கும் என்றேன். அப்போதே வந்திருந்தால் நிறைய மிச்சம் பிடித்திருக்கலாமே என்றார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. எழுதிக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை. அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் வேண்டாம் என்றாலும் கேட்காமல் நான் மோட்டாரைப் பிரித்திருந்தால், அந்த வெட்டு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மெஷினை அக்கா வீட்டில் வைக்கவேண்டாம் என்றார். ஓடுகிற மெஷின் சும்மா கிடக்கக் கூடாதாம். குஷாய்குடாவில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள் வந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அக்கா வாசல்வரை வந்து, பெடலை அழுத்தி மிதிக்க வேண்டாம், லேசாகத் தொட்டாலே போதும் என்று தெலுங்கில் இரண்டு முறை சொன்னார். ஆட்டோ திரும்பிப் போன பிறகும் அங்கேயே நின்றிருந்தார்.

இப்போது நான் வேறு வேலைக்குப் போகவில்லை. சமையல் என்னிடம் வந்துவிட்டது. அக்கா வெண்டைக்காய் நறுக்குவார், பூண்டு உரிப்பார். வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. ஒரு நாளைக்கு மூன்று வேளை கண்ணுக்கு மருந்து விடவேண்டும். கட்டிலில் தலையைச் சாய்த்துப் படுப்பார். நான் இமையை விரித்து ஒவ்வொரு சொட்டாக விடுவேன். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் முகத்தை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. இடது புருவத்தில் ஒரு மச்சம் இருக்கிறது.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். இடது கண்ணில் இனி ஒன்றும் இல்லை, அதற்கு மருந்து தேவையில்லை, வலது கண்ணுக்கு மட்டும் விடுங்கள் என்றார். நான் அதை அக்காவிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து வழக்கம்போல இரண்டு கண்ணுக்கும் விட்டேன். பத்து நாள் அப்படியே விட்டேன்.

பதினோராம் நாள் காலையில் அக்கா கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

“இடது கண்ணுக்கு வாணாம்னுட்டாங்களா?”

“அப்படியெல்லாம் இல்லக்கா.”

“உன் கை சொல்லுதே. இந்தப் பக்கம் வர்றப்போ தயங்குது.”

மருந்துக் குப்பியைப் பிடித்தபடி நின்றேன். அவர் கையை நீட்டித் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்து, வலது கண்ணுக்கு நேராகக் கொண்டுபோய் வைத்தார்.

“இதுக்கு மட்டும் ஊத்து” என்றார்.

நான் ஊற்றினேன். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. அவர் அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். இரண்டாவது சொட்டு சரியாக விழுந்தது.